கடலும் தண்டவாளமும்

மனம் எப்போதும் இரண்டு வரங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நினைத்த திசையில் போக வேண்டும், அது ஒன்று. யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அது இன்னொன்று. திசையும் நம்முடையதாக இருக்க வேண்டும், பொழுதும் நம்முடையதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் நிம்மதிதான் என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாமும் அதன் பேச்சைக் கேட்டு, வேலையிலிருந்து விடுப்புக்கும் விடுப்பிலிருந்து வேலைக்குமாக அலைகிறோம்.

இந்த வரங்களைப் பிரித்து, தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தால் மனம் என்ன செய்யும்? திசையை முழுவதுமாகக் கொடுத்துவிட்டு, பொழுதை மட்டும் அளந்து கொடுத்தால்? பிறகு பொழுதைத் தாராளமாகக் கொடுத்து, திசையை மட்டும் கட்டிவைத்தால்? அப்படி ஒரு சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. நடந்த இடம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுக் கருவி. கேட்பதற்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். அமைதியைத் தேடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் கொஞ்ச நேரம் உட்காரலாம். இங்கேயும் உட்கார்ந்து பார்ப்போம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986 முதல் வெளியிட்டுவரும் சாகசத் தொடர் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. பச்சை உடுப்பணிந்த லிங்க் என்ற சிறுவன், செல்டா என்ற இளவரசி, உலகத்தை விழுங்கப் பார்க்கும் ஒரு தீய சக்தி. கதைகள் மாறினாலும் அடிப்படை பெரும்பாலும் இதுதான். இந்தத் தொடரில் 2007-ல் 'ஃபாண்டம் அவர்கிளாஸ்' வந்தது. 2009-ல் 'ஸ்பிரிட் டிராக்ஸ்' வந்தது. இரண்டும் நின்டெண்டோ டிஎஸ் என்ற கருவிக்காகச் செய்யப்பட்டவை. மேலே ஒரு திரை, கீழே ஒரு தொடுதிரை, வேலை முடிந்ததும் புத்தகம்போல் மடித்து மூடிவிடலாம். இரண்டு விளையாட்டுகளையும் இயக்கியவர் டைக்கி இவாமோட்டோ, தயாரிப்பாளர் ஐஜி அவோனுமா. ஒரே கைகள் செய்தவை, ஒரே பாணியில் வரையப்பட்டவை. ஒன்றில் கப்பல் கிடைக்கிறது. மற்றதில் ரயில்.

முதலில் கடலுக்குப் போவோம். கீழ்த்திரையில் கடல் வரைபடம் விரிகிறது. ஸ்டைலஸ் என்ற எழுதுகுச்சியை எடுத்து, நிற்கிற தீவிலிருந்து போக வேண்டிய இடம்வரை ஒரு கோடு இழுக்கிறோம். நேராக இழுக்கலாம், வளைத்து இழுக்கலாம், சும்மா ஒரு சுழி சுழித்தும் விடலாம். கை இழுத்த கோட்டின் மேலேயே கப்பல் புகை விட்டுக்கொண்டு போகிறது. பாதி வழியில் மனம் மாறிவிட்டதா, பழைய கோட்டை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தால் போதும். திசை என்ற வரம் இவ்வளவு முழுமையாக யாருக்கும் கிடைத்திராது.

ஆனால் அந்த வரத்தைக் கையில் வைத்திருக்கும்போது கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு தீவை நோக்கிக் கோடு இழுத்திருக்கிறது. கப்பல் கிளம்பி நாலு அலை தாண்டியிருக்காது, ஸ்டைலஸ் மறுபடியும் திரைமேல் வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் ஏதோ தெரிகிறதே, முதலில் அங்கே போய்விட்டு வந்தால் என்ன? அங்கே போகும்போது இன்னொன்று தெரிகிறது. கோடு, மேலும் ஒரு கோடு, அதன்மேல் ஒரு கோடு. யாரும் நம்மை இழுக்கவில்லை. விரிந்து கிடக்கும் கடல் எதையும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் உள்ளே இருந்துதான் வருகிறது, கேட்டது கிடைப்பதற்குள் அடுத்ததைக் கேட்கிறது.

இந்தக் குணத்துக்கு ஒரு முகமும் பெயரும் வைத்துக் கப்பலிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள். கேப்டன் லைன்பெக். நீராவிக் கப்பலின் சொந்தக்காரர், புதையல் பித்தர், பெரும் பயந்தாங்கொள்ளி. தீவில் ஆபத்து என்றால் சிறுவனை இறக்கிவிட்டுத் தாம் கப்பலில் பத்திரமாக இருந்துகொள்வார். திரும்பி வந்தவனிடம் என்ன கிடைத்தது என்பதைத்தான் முதலில் விசாரிப்பார். கடலில் அலையும் ஒரு பேய்க்கப்பலில் பெரும் செல்வம் இருக்கிறது என்று நம்பித்தான் அவர் இந்தப் பயணத்துக்கே ஒத்துக்கொண்டது. அங்கே செல்வம் ஏதுமில்லை என்று தெரிந்ததும் விலகப் பார்க்கிறார். கிழவர் ஓஷஸின் உருவில் மறைந்திருந்த கடலரசன் அப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறான்: உதவி செய்தால், கேட்கும் ஒரு வரத்தைத் தருகிறேன். லைன்பெக் உடனே நிமிர்ந்து நிற்கிறார். எதை வேண்டுமானாலும் கேட்கலாமே!

முடிவில் வரம் கேட்கும் நேரம் வருகிறது. பெல்லம் என்ற அரக்கனோடு நடந்த போரில் அவருடைய கப்பல் மூழ்கிவிட்டிருக்கிறது. பயணம் முழுக்கப் பொன்னைப் பற்றியே பேசிவந்த மனிதர், எதையும் கேட்கலாம் என்ற அந்த நொடியில், தன் பழைய கப்பலைத் திரும்பக் கேட்கிறார். அவ்வளவுதான். புதிதாக எதுவும் இல்லை, பெரிதாக எதுவும் இல்லை. ஏற்கெனவே தன்னிடம் இருந்தது, இத்தனை நாளும் காலடியில் மிதந்துகொண்டிருந்தது, அதையே கேட்கிறார். ஆசையைக் கொன்றுவிடு என்று யாரும் அவருக்கு உபதேசிக்கவில்லை. ஆசை பாட்டுக்கு நடந்து நடந்து, களைத்து, கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. நம்முடைய ஆசைகளையும் இவ்வளவு பரிவோடு பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றைத் துரத்தவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அவை எதைத் தேடிக் கிளம்பினவோ அது வேறாக இருக்கலாம். வந்து சேரும் இடம் மிக அருகில் இருக்கலாம்.

இனி பொழுதின் கதை. மெர்கே தீவில் கடலரசனின் கோயில் இருக்கிறது. உள்ளே நுழைபவரின் உயிரை அந்தக் கோயில் உறிஞ்சிவிடும். காப்பாற்றுவது ஒரு மணற்கடிகாரம்தான். அதில் மணல் இருக்கும்வரை உயிருக்குப் பழுதில்லை. மணல் தீர்ந்ததும் உயிர் கரையத் தொடங்கும். முதலில் கிடைப்பது 10 நிமிட மணல். வெளியே மற்ற தீவுகளின் கோயில்களில் பெரிய அரக்கர்களை வென்றால் மணல் கொஞ்சம் கூடும். கடலில் எந்தத் திசையும் நம்முடையது என்று கொடுத்தவர்கள், இந்த ஒரு கட்டடத்துக்குள் பொழுதை மட்டும் எண்ணி எண்ணித் தருகிறார்கள். நடைபாதைகளில் ஃபாண்டம் என்ற கனத்த கவச உருவங்கள் காவல் சுற்றுகின்றன. அவற்றை எதிர்க்க நம் வாளால் ஆகாது. பார்த்தால் துரத்தும், பிடித்தால் வெட்டும்.

ஆனாலும் அந்தக் கோயிலில் ஆங்காங்கே ஊதா நிறத்தில் ஒளிரும் தரைகள் இருக்கின்றன. அதில் கால் வைத்ததும் மணல் விழுவது நின்றுவிடுகிறது. காவல் உருவங்களின் கண்ணுக்கும் நாம் தெரிவதில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். துரத்தி வந்த உருவம் நம் முன்னாலேயே சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதன் முதுகை நாம் பார்க்கலாம், அது எந்த மூலையில் திரும்புகிறது என்று பார்க்கலாம். ஓடும்போது பூதமாகத் தெரிந்தது, நின்று பார்க்கும்போது ஒரே வழியில் போய்ப் போய்த் திரும்பும் ஒரு பழக்கமாகத் தெரிகிறது. நம்மைத் துரத்தும் கவலைகளையும் இப்படிப் பார்த்திருக்கிறோமா? அவற்றுக்கும் ஒரு சுற்றுப்பாதை உண்டு, அவையும் ஒரே மூலையில்தான் திரும்புகின்றன. வரைபடத்தின் மேல் ஸ்டைலஸால் குறிப்பு எழுதிக்கொள்ள இந்த விளையாட்டு இடம் கொடுக்கிறது. ஊதா நிறத் தரையில் நின்றபடி, அந்த உருவம் நடக்கும் வழியை அம்புக்குறியாக வரைந்துவைத்தவர்கள் அடுத்த முறை பயப்படுவதில்லை.

அடுத்த முறை என்று சொன்னேன். இந்தக் கோயிலுக்கு ஒரு முறை போனால் போதாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திரும்ப வர வேண்டும், இன்னும் ஆழமான தளத்துக்கு இறங்க வேண்டும். இதைத்தான் விளையாடியவர்கள் அதிகமாகக் குறை சொன்னார்கள். பார்த்த அறையையே எத்தனை முறை பார்ப்பது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பார்த்த அறைதானா அது? முந்தைய முறை இல்லாத வெடிகுண்டு இப்போது கையில் இருக்கிறது, சுவரில் ஒரு வழி திறக்கிறது. முந்தைய முறை எழுதிய குறிப்பு வரைபடத்தில் அப்படியே இருக்கிறது. போன தடவை நெஞ்சு படபடக்கக் கடந்த கூடத்தை இந்தத் தடவை நடந்தே கடக்கிறோம். அறை அதேதான், கடப்பவர்தான் வேறு. தினமும் விடியலில் வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பவர், நேற்றுத்தான் கூட்டினோமே என்று கணக்குப் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப வருவதில் ஒரு சாதனை இருக்கிறது. அந்தச் சாதனையை விளையாட்டு என்ற பெயரில் ஒருவர் நம் கையில் கொடுத்தபோது நமக்குச் சலித்துவிட்டது. சலிப்பும் மனத்தின் ஒரு பேச்சுதான். அதையும் கேட்டுவிட்டு அடுத்த படியில் இறங்கலாம்.

இதே விளையாட்டில் இன்னொரு சின்ன இடம் உண்டு. மேல்திரையில் ஒரு புனிதச் சின்னம் தெரிகிறது. கீழ்த்திரையில் கடல் வரைபடம். சின்னத்தை வரைபடத்தின்மேல் அழுத்திப் பதிக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். ஸ்டைலஸால் தட்டுகிறோம், ஒன்றும் நடக்கவில்லை. தேய்க்கிறோம், கிறுக்குகிறோம், ஊதிக்கூடப் பார்க்கிறோம். பொத்தான்கள் எல்லாவற்றையும் அமுக்கியாகிவிட்டது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: கருவியை மடித்து மூட வேண்டும். மேல்திரை கீழ்த்திரையின்மேல் படிகிறது. திறந்தால் சின்னம் வரைபடத்தில் பதிந்திருக்கிறது. விடை கண்டுபிடித்து மூடியவருக்கும் கிடைக்கும். போதும்டா சாமி என்று சலித்து மூடிவைத்தவருக்கும் கிடைத்துவிடும். கருணை அப்படித்தான் நடந்துகொள்ளும் போலிருக்கிறது.

இப்போது ரயிலுக்கு வருவோம். முதல் கதைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, வேறொரு நிலத்தில் நடப்பது 'ஸ்பிரிட் டிராக்ஸ்'. அவோனுமா தன் மகனுக்கு வாசித்துக்காட்டிய, தண்டவாளம் போடும் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படக்கதைப் புத்தகத்திலிருந்து இதற்கான விதை கிடைத்தது. இங்கே லிங்க் ரயில் ஓட்டுநர் வேலைக்குப் பயிற்சி எடுத்தவன். திரையின் ஓரத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது: முன்னே போக இரண்டு வேகம், நிறுத்தம், பின்னே போக ஒன்று. மேலே இழுக்க விசில் கயிறு. பாதை பிரியும் இடத்தில் இடமா வலமா என்று சொல்லலாம். அதற்கு மேல் திசையில் நமக்கு உரிமை இல்லை. அந்தப் பக்கம் ஒரு அழகான மேடு தெரிந்தாலும் தண்டவாளம் அங்கே போகவில்லை என்றால் நாமும் போக முடியாது.

கடலில் பழகிய மனம் முதலில் இதைச் சிறை என்கிறது. முரண்டு பிடிக்கிறது. பயணம் நீளம், செய்ய ஒன்றும் இல்லை, எப்போது வந்து சேரும் என்று நச்சரிக்கிறது. இந்தக் குறையையும் பலர் சொன்னார்கள், அதிலும் நியாயம் உண்டு. வந்த வழியே திரும்பப் போகும் சில ஓட்டங்கள் உண்மையிலேயே நீளம்தான். ஆனால் கொஞ்ச நேரம் அந்த நச்சரிப்போடு உட்கார்ந்திருந்தால் ஒன்று நடக்கிறது. ஸ்டைலஸ் பிடித்த கை மெல்லத் தளர்கிறது. இழுக்க வேண்டிய கோடு எதுவும் இல்லை. முடிவெடுக்கும் வேலை பிரிவுகளில் மட்டும்தான், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அப்போதுதான் கண் வெளியே போகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் பின்னால் இரண்டு காதுகள். ஒரு முயல்! பீரங்கியால் பாறையை உடைத்தால் அது ஓடும், வலை வீசிப் பிடிக்கலாம். இப்படி நிலமெங்கும் 50 முயல்கள் ஒளிந்திருக்கின்றன. திசையைப் பற்றிய கவலை இருந்தவரை அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது.

பயணிகளை ஏற்றிக்கொண்டால் இன்னும் அழகு. வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை வரும், குறைக்க வேண்டும். விசில் அடிக்கச் சொல்லும் பலகை வரும், அடிக்க வேண்டும். மறந்துவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் சுருங்கும். சரியாக ஓட்டினால் மலரும். நம் அவசரம் இன்னொருவரின் முகத்தில் உடனே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் அது தெரியச் சில வருடங்கள் ஆகிவிடுகிறது.

இந்தத் தண்டவாளங்கள் வெறும் இரும்புப் பாதைகளும் அல்ல. மல்லடஸ் என்ற அசுரவேந்தனைப் பூமிக்குள் பிணைத்து வைத்திருக்கும் தளைகள் அவைதான். கதை தொடங்கும்போது அவை ஒவ்வொன்றாக மறைகின்றன. நிலம் திசைகளெல்லாம் திறந்து கிடக்கிறது. யாராலும் எங்கும் போக முடியவில்லை. கட்டு என்று நாம் வெறுத்த ஒன்றுதான் வழியாகவும் இருந்திருக்கிறது, காவலாகவும் இருந்திருக்கிறது. அவற்றை மீட்டுத் தருவது மூச்சு. லிங்க்கிடம் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது, குழாய்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டியது. ஸ்டைலஸால் குழாயை நகர்த்தி, கருவியின் மைக்கில் நாமே ஊத வேண்டும். லோக்கோமோ என்ற ஞானியர் ஒவ்வொருவராகத் தங்கள் இசைக் கருவியை எடுப்பார்கள், அவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். பதற்றமாக இருக்கும்போது மூச்சு முந்திக்கொள்ளும், தாளம் தப்பும், மறுபடியும் முதலிலிருந்து. முதல் விளையாட்டிலும் இந்த மைக் உண்டு. அங்கே அதன்முன் உரக்கக் கத்தினால் விற்பவர் விலையைக் குறைத்துக்கொள்கிற ஒரு காட்சி வருகிறது. அதே மைக், கத்தலுக்கும் பயன்பட்டது, மூச்சுக்கும் பயன்பட்டது.

இளவரசியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கடல் கதையில் டெட்ரா என்ற பெயரில் கொள்ளைக் கப்பலின் தலைவியாக வருபவள் அவள்தான். பேய்க்கப்பலில் தாவி ஏறியவள் கல்லாகிவிடுகிறாள். உடல் இருக்கிறது, அசைவில்லை, பேச்சில்லை. ரயில் கதையில் அவளுடைய வம்சத்தில் வந்த செல்டாவுக்கு நேர்மாறாக நடக்கிறது. அவள் உடலை அசுரவேந்தனுக்குப் பாத்திரமாக்க அமைச்சர் கோல் கவர்ந்துபோகிறான். உயிர் மட்டும் மிஞ்சி, ஒளியுருவாக லிங்க்கின் பக்கத்திலேயே வருகிறாள். முன்னவள் மீட்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடலை இழந்தவளோ பயணம் முழுக்கக் கூடவே வருகிறாள், வழி சொல்கிறாள், சண்டை போடுகிறாள், கோபித்துக்கொள்கிறாள்.

அவள் சண்டை போடுவது எதை வைத்து? இங்கேதான் இரண்டு விளையாட்டுகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கின்றன. ரயில் கதையில் கோயிலுக்குப் பதில் ஒரு கோபுரம். மணற்கடிகாரம் இல்லை. முடித்த தளத்தை மறுபடி கடக்க வேண்டியதும் இல்லை. சுழல் படிக்கட்டில் ஏறி நேராக அடுத்த தளத்துக்குப் போய்விடலாம். முதல் விளையாட்டைப் பற்றிச் சொன்ன குறைகளெல்லாம் ஒரே வீச்சில் தீர்க்கப்பட்டிருக்கின்றன. செய்நேர்த்தியில் இதுதான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே கவச உருவங்கள் இங்கேயும் காவல் சுற்றுகின்றன. கடல் கதையின் பிற்பகுதியில் அவற்றை அழிக்கக்கூடிய ஒரு வாள் கிடைத்தது. முதுகுப் பக்கமாகப் போய் வெட்டினால் உருவம் ஒழிந்தது. ரயில் கதையில் ஒளித்துளிகள் மூன்றைச் சேகரித்து, முதுகில் ஓர் அடி கொடுத்தால் உருவம் திகைத்து நிற்கிறது. அந்தக் கணத்தில் செல்டா அதற்குள் புகுந்துகொள்கிறாள்.

அதன்பிறகு அந்தப் பூதம் நம்மோடு நடக்கிறது. நெருப்புக் குழம்பு ஓடும் இடத்தில் கேடயத்தைத் தலைக்கு மேல் ஏந்தி, அதன்மேல் சிறுவனை நிற்கவைத்து, கனத்த காலடிகளோடு கடந்துபோகிறது. இத்தனை நாள் எதைக் கண்டு ஊதா நிறத் தரையில் ஒதுங்கினோமோ, அதன் கேடயத்தின்மேல் நிற்கிறோம். பயத்தை வெட்டுவது ஒரு வழி. அதற்குள் போய் உட்கார்ந்து அதைக்கொண்டே நடப்பது இன்னொரு வழி, அதற்கு இன்னும் அதிக அமைதி வேண்டும். ஆனால் பயம் முழுவதும் போய்விட்டது என்றும் யாரும் கதைவிடவில்லை. அவ்வளவு பெரிய இரும்பு உருவத்துக்குள் இருந்துகொண்டும், எலியைக் கண்டால் இளவரசி அலறுகிறாள்! எலியைத் துரத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போவது நம் வேலை. இந்த இடத்தில் சிரிக்காமல் என்னால் கடக்க முடிந்ததில்லை. மனத்தோடு பழகுகிறவர்களுக்கு இந்தச் சிரிப்பும் ஒரு துணை.

இரண்டும் கையில் இருந்தால் எதை முதலில் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு, கடலைத்தான் சொல்வேன். மணல் விழும் கோயிலில் இறங்கி ஏறிய கால்களுக்குத்தான் கோபுரத்தின் நிதானம் என்னவென்று புரியும். அந்த உருவங்களால் துரத்தப்பட்டவருக்குத்தான் அவற்றின் கேடயத்தின்மேல் நிற்பது இனிக்கும். கடல் கதை முடியும்போது லிங்க் டெட்ராவின் கப்பலுக்குத் திரும்புகிறான். அத்தனை தீவுகள், அத்தனை கோயில்கள் எல்லாம் முடிந்து வந்தால், போய்ப் பத்து நிமிடம்தான் ஆயிற்று என்கிறார்கள் கூட்டாளிகள். இத்தனை தூரம் பொழுதை எண்ணி எண்ணி நடந்ததற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

ரயில் கதையில் லைன்பெக்கின் பேரன் வருகிறார். பெயரும் லைன்பெக்தான், அதே ஆசை. வணிகக் கடை ஒன்றை நடத்திக்கொண்டு, கொண்டுவரும் புதையல்களை வாங்கிக்கொண்டு ரயிலுக்கு உதிரிபாகங்கள் தருகிறார். தாத்தா எங்கோ ஒரு செல்வத்தை ஒளித்துவைத்திருக்கிறார் என்று அவருக்கு நம்பிக்கை. லிங்க் தேடிக் கண்டெடுத்துக் கொடுக்கிறான், ஒரு மோதிரம். பேரன் அதைக் கையில் வாங்குகிறார். பக்கத்தில் பாலம் உடைந்து கிடக்கிறது, சரிசெய்யக் கூலி கேட்கிறார்கள். மூன்று தலைமுறைகளாகக் காத்துக்கிடந்த அந்த மோதிரம் பாலத்துக்குத்தான் போகிறது. பேரனுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ரயில் அந்தப் பாலத்தைக் கடந்து போகிறது.